பரிசுக்கு வருகிறவர்கள், பக்கத்துக்கு வருகிறவர்கள்

“எங்கள் பக்கத்தை ஃபாலோ பண்ணுங்கள், இந்தப் பதிவுக்கு லைக் போடுங்கள், நண்பர்கள் மூன்று பேரை கமெண்டில் டேக் பண்ணுங்கள், அப்படியே ஸ்டோரியில் ஷேர் பண்ணுங்கள். அதிர்ஷ்டசாலி ஒருவருக்கு ஐபோன்!”

இன்ஸ்டாகிராம் பார்க்கிற யாரும் இப்படி ஓர் அறிவிப்பைப் பார்க்காமல் ஒரு தீபாவளியைக் கடந்திருக்க மாட்டார்கள். இதற்கு ‘கிவ்அவே’ என்று பெயர். லட்சக்கணக்கில் ஃபாலோயர்ஸ் வைத்திருப்பவர் முதல் நேற்று பக்கம் தொடங்கியவர் வரை எல்லோரும் போடுகிறார்கள்.

ஈரோட்டில் இருந்துகொண்டு சின்னச் சின்ன இன்ஸ்டாகிராம், யூடியூப் பக்கங்களை நிர்வகித்துக் கொடுப்பது என் தொழில். சமையல், தையல், மாடித்தோட்டம், பள்ளிக் கணக்கு என்று தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள். வந்து உட்கார்ந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “ஒரு கிவ்அவே போட்டா ஃபாலோயர்ஸ் ஏறுவாங்களாங்க?” என்பதுதான்.

ஏறுவார்கள். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வருகிறவர்கள் யார், பரிசு கொடுத்து முடித்த பிறகும் தங்குகிறவர்கள் எத்தனை பேர் என்பதை நாம் கொடுக்கும் பொருளும் கேட்கும் கேள்வியும்தான் முடிவு செய்கின்றன. கிவ்அவே போட நினைக்கும் ஒவ்வொருவருக்கும் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

குலுக்கல் நமக்குப் புதிதல்ல

ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் ஜவுளிக்கடைகளில் பரிசுக் கூப்பன் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆயிரம் ரூபாய்க்குத் துணி எடுத்தால் ஒரு கூப்பன். பெயரும் முகவரியும் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வருவோம். அந்தப் பெட்டிக்குள் கிடந்த ஒவ்வொரு கூப்பனும் ஏற்கெனவே கடைக்கு வந்து பணம் கொடுத்துப் பொருள் வாங்கிய ஒருவருடையது. பரிசு விழாவிட்டாலும் அவர் அந்தக் கடையின் வாடிக்கையாளர்தான்.

சமூக ஊடகக் கிவ்அவேயில் அப்படியில்லை. பக்கத்தில் என்ன இருக்கிறது என்றே பார்க்காத ஒருவர், விரலை இரண்டு முறை தட்டிவிட்டுக் குலுக்கலுக்குள் வந்துவிடலாம். ஒரே நாளில் நூறு பக்கங்களில் இப்படித் தட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். பரிசுப் போட்டிகளில் கலந்துகொள்வதற்காகவே தனிக் கணக்கு வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாம் அழைத்தோம், வந்தார்கள்.

கிவ்அவே என்றதும் எல்லோரும் உதாரணம் காட்டுவது அமெரிக்காவின் மிஸ்டர் பீஸ்ட்டை. ஜிம்மி டொனால்ட்சன் என்ற இந்த இளைஞர், 2017இல் விளம்பரதாரர் ஒருவர் கொடுத்த 10,000 டாலரை அப்படியே வீடில்லாத ஒரு மனிதரிடம் கொடுத்து அதையே வீடியோவாக்கினார். 2024 ஜூனில் டி-சீரிஸ் சேனலைத் தாண்டி, யூடியூபில் உலகிலேயே அதிக சப்ஸ்கிரைபர்கள் கொண்ட சேனலாக அவருடையது ஆனது.

“அவர் கொடுத்தார், வளர்ந்தார், நாமும் கொடுத்தால் வளரலாம்” என்று என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. அவருடைய வீடியோக்களைக் கவனித்துப் பாருங்கள். பணம் யாருக்குப் போகிறது, அதை வாங்கும்போது அவர் முகம் எப்படி மாறுகிறது, கடைசிவரை யார் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று போகும் கதையைப் பார்க்கத்தான் கோடிக்கணக்கானவர்கள் உட்காருகிறார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்குப் பரிசு கிடைக்க வாய்ப்பே இல்லை என்பது அவர்களுக்கே தெரியும். பரிசே அங்கே நிகழ்ச்சி. நம் ஊர்ப் பக்கங்களில் போடும் ஐபோன் கிவ்அவேயில் பார்க்க ஒன்றுமே இருப்பதில்லை. போட்டியில் சேர்ந்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

எண்ணிக்கை ஏறும், ரீச் இறங்கும்

உதாரணத்துக்கு ஒரு சமையல் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 5,000 ஃபாலோயர்ஸ். எல்லோரும் சமையல் பிடித்து வந்தவர்கள். புதுக் குழம்பு ஒன்றை ரீல்ஸாகப் போட்டால் முழுதாகப் பார்க்கிறார்கள், சேமித்து வைக்கிறார்கள், தங்கைக்கு அனுப்புகிறார்கள். இந்தப் பக்கம் ஒரு போன் கிவ்அவே போட்டு 15,000 ஃபாலோயர்ஸைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்த 10,000 பேருக்குக் குழம்பு தேவையில்லை.

அடுத்த வாரம் அதே பக்கம் ஒரு ரசம் வீடியோ போடுகிறது. இன்ஸ்டாகிராம் அதைச் சிலருக்குக் காட்டிப் பார்க்கும். எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், லைக் போடுகிறார்களா, வேறு யாருக்காவது அனுப்புகிறார்களா என்பதை வைத்துத்தான் அந்த வீடியோவை மேலும் பலரிடம் கொண்டுபோகலாமா என்று அது முடிவு செய்கிறது. காட்டப்பட்டவர்களில் பெரும்பாலானோர் போனுக்காக வந்தவர்களாக இருந்தால், ஒரு நொடியில் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். ‘இந்த வீடியோ யாருக்கும் பிடிக்கவில்லை’ என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளும். உண்மையாகவே ரசம் வைக்கக் கற்றுக்கொள்ள விரும்பும் பழைய ஆட்களிடம்கூட அது போய்ச் சேராமல் போகலாம்.

விளம்பரம் கொடுக்க வரும் நிறுவனங்களும் இப்போது ஃபாலோயர்ஸ் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. ஸ்டோரியை எத்தனை பேர் பார்க்கிறார்கள், கமெண்டில் என்ன பேசுகிறார்கள் என்று ஸ்கிரீன்ஷாட் கேட்கிறார்கள். 15,000 பேர் இருக்கும் பக்கத்தில் ஸ்டோரியை 300 பேர் பார்த்தால், காரணம் அவர்களுக்குப் புரிந்துவிடும்.

பல பக்கங்கள் ஒன்றுசேர்ந்து, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, ஒரு பெரிய பரிசு வைப்பதும் நடக்கிறது. இதை ‘லூப் கிவ்அவே’ என்பார்கள். கலந்துகொள்பவர் பத்துப் பதினைந்து பக்கங்களையும் வரிசையாக ஃபாலோ பண்ண வேண்டும். எண்ணிக்கை சட்டென்று எகிறும். முடிவு அறிவித்த இரவே அன்ஃபாலோ தொடங்கிவிடும். தையல் பக்கமும் கார் விமர்சனப் பக்கமும் ஒரே லூப்பில் இருந்தால் இரண்டு பேருக்குமே பயனில்லை.

டீச்சரின் விதைப் பொட்டலம்

கோபிசெட்டிபாளையத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மாடித்தோட்டம் பற்றி ஒரு பக்கம் நடத்துகிறார். மண் கலவை, பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல், பந்தல் கட்டுவது என்று எல்லாவற்றையும் தன் மாடியிலேயே செய்து காட்டுவார். அவரும் என்னிடம் கேட்டார்: “எல்லாரும் போன் குடுக்கறாங்க. நாமளும் ஒண்ணு குடுத்துப் பாத்தா என்ன கண்ணு?”

“போனுக்காக வர்றவங்க உங்க புடலங்காயப் பாக்க நிப்பாங்களாங்க டீச்சர்?” என்றேன்.

அவர் யோசித்தார். பிறகு அவரே சொன்னார், “அப்ப வெதையே குடுத்துடலாம்.”

அவர் வீட்டில் காயவைத்துச் சாம்பல் கலந்து பாட்டில்களில் அடைத்து வைத்திருந்த நாட்டு விதைகள்தான் பரிசு. யானைத் தந்த வெண்டை, மூக்குத்தி அவரை, சிறகவரை, வரிக்கத்தரி என்று ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பொட்டலம். கூடவே அவர் கைப்பட எழுதிய ஒரு தாள்: எதை எப்போது ஊன்றுவது, எது பந்தல் கேட்கும், எது தொட்டியிலேயே நிற்கும் என்று. ஒரு பரிசுக்குப் பதில் இருபது பேருக்குக் கொடுக்க முடிந்தது. இருபது உறைகளின் தபால் செலவையும் சேர்த்தாலும் ஒரு போன் விலையின் பக்கத்தில்கூட வராது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். அதனால் ஆனி பாதியிலேயே அறிவித்தோம். விதை கையில் கிடைக்கும்போது ஊன்றும் பருவமாக இருக்க வேண்டும் அல்லவா?

கலந்துகொள்ள நாங்கள் வைத்த நிபந்தனை ஒரு கேள்விதான்: ‘உங்கள் வீட்டில் இப்போது காய்த்துக்கொண்டிருப்பது எது? காய்க்க மறுப்பது எது?’ லைக், ஷேர், மூன்று பேர் டேக் எதுவும் கேட்கவில்லை. செடி வளர்க்காதவர் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டார். வளர்ப்பவரால் எழுதாமல் இருக்க முடியாது. ‘தக்காளி பூக்குது, பிஞ்சு பிடிக்கல’, ‘முருங்கையில் கம்பளிப்பூச்சி, பக்கத்து வீட்டுக்காரங்க வெட்டச் சொல்றாங்க’, ‘மல்லி மூணு எலைக்கு மேல வரல’ என்று பத்தி பத்தியாக எழுதினார்கள். ஒருவர் கேட்டதற்கு இன்னொருவர் பதில் சொன்னார். டீச்சர் அந்த கமெண்ட்களை நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு, பல மாதங்களுக்கு ஒவ்வொரு சிக்கலாக எடுத்து வீடியோ போட்டார். என்ன வீடியோ போடுவது என்ற கவலையே அவருக்கு இல்லாமல் போனது.

போன் கொடுத்திருந்தால் வந்திருக்கக்கூடிய கூட்டம் இதற்கு வரவில்லை. வந்தவர்கள் தங்கினார்கள். விதை முளைத்ததும் படம் எடுத்து டீச்சரை டேக் பண்ணினார்கள். அந்தப் படத்தைப் பார்த்து அவர்களுடைய நண்பர்கள் வந்தார்கள். யாரும் கேட்காமலே நடந்த டேக் அது.

தையல் பக்கமென்றால் நல்ல கத்தரிக்கோலோ அளவெடுத்து வெட்டிய ரவிக்கைப் பேட்டர்னோ கொடுக்கலாம். சமையல் பக்கமென்றால் வீட்டில் அரைத்த குழம்புப் பொடி, கணக்குப் பக்கமென்றால் பொதுத்தேர்வு வினாத்தாள் தொகுப்பு. உங்கள் விஷயத்தில் ஆர்வம் உள்ளவர் ஆசைப்பட வேண்டும். ஆர்வம் இல்லாதவர் தாண்டிப் போக வேண்டும். பரிசைத் தேர்வு செய்ய இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

எல்லோர் கண் முன்னாலும் குலுக்க வேண்டும்

கிவ்அவே பற்றி மக்களுக்கு இருக்கும் முதல் சந்தேகம், ‘இவங்க சொந்தக்காரங்களுக்கே குடுத்துக்குவாங்க’ என்பது. நியாயமான சந்தேகம்தான். அதைப் போக்க நாங்கள் வைத்திருக்கும் முறையைச் சொல்கிறேன்.

கடைசி நாள் இரவு கமெண்ட்களை எடுத்து, ஒருவர் எத்தனை முறை எழுதியிருந்தாலும் ஒரு முறை மட்டும் கணக்கில் எடுத்து, வரிசை எண் போடுவோம். பக்கத்தை நடத்துபவரின் குடும்பத்தார், வேலை பார்ப்பவர்கள் பெயர்கள் நீக்கப்படும். இந்தப் பட்டியலைக் குலுக்கலுக்கு முன்பே ஸ்டோரியில் போட்டுவிடுவோம். யார் பெயர் விட்டுப்போனாலும் மறுநாள் மாலைக்குள் சொல்லலாம். பட்டியல் வெளியே போய்விட்ட பிறகு யாரும் எந்த எண்ணையும் மாற்ற முடியாது.

குலுக்கல் லைவில் நடக்கும். மேசைமேல் மூன்று எவர்சில்வர் டம்ளர்கள். ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை எழுதிய பத்துச் சீட்டுகள். முதல் டம்ளரில் நூறாம் இடம், அடுத்ததில் பத்தாம் இடம், கடைசியில் ஒன்றாம் இடம். டீச்சர் வீட்டுக்கு எதிர்வீட்டுச் சிறுமி ஒவ்வொரு டம்ளரிலும் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்து கேமராவிடம் காட்டுவாள். 4, 0, 7 என்று வந்தால் 407ஆம் எண். பட்டியலில் இல்லாத எண் வந்தால் மீண்டும் எடுக்க வேண்டும். எடுத்த சீட்டு திரும்ப டம்ளருக்குள் போகும். எண்ணை எடுத்துக் கொடுக்கும் செயலிகள் எத்தனையோ உண்டு. ஆனால் கண்ணால் பார்க்கிற சீட்டின் மேல் நம் ஆட்களுக்கு இருக்கும் நம்பிக்கை தனி.

போட்டியை அறிவித்த அதே பக்கத்தில், அதே இடத்தில் முடிவையும் போட வேண்டும். இது நாகரிகம் மட்டுமில்லை, சட்டமும்கூட. விற்பனையையோ தொழிலையோ வளர்ப்பதற்காகப் பரிசுத் திட்டம் அறிவித்துவிட்டு, அதன் இறுதி முடிவைக் கலந்துகொண்டவர்களிடமிருந்து மறைப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நேர்மையற்ற வணிக நடைமுறையாகவே சொல்கிறது.

தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்

முதல் விதி, நுழைவுக்குப் பணம் வாங்கக் கூடாது. ‘நூறு ரூபாய் கூப்பன் எடுங்கள், பைக் வெல்லுங்கள்’ என்று போட்டால் அது கிவ்அவே இல்லை, லாட்டரி. தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலேயே லாட்டரி தடை செய்யப்பட்டுவிட்டது. தனியார் லாட்டரி நடத்துவது நாடு முழுவதுமே குற்றம். யூடியூபின் சொந்த விதியும் போட்டிகளில் கலந்துகொள்ளக் கட்டணம் கூடாது என்கிறது.

இன்ஸ்டாகிராமில் போடும்போது, இந்தப் போட்டிக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் தொடர்பில்லை என்று பதிவில் எழுத வேண்டும். படத்தில் இல்லாதவர்களைப் படத்தில் டேக் பண்ணச் சொல்லக் கூடாது. ஃபேஸ்புக்கில் இன்னும் கெடுபிடி. ‘உங்கள் டைம்லைனில் ஷேர் செய்தால் பரிசு’, ‘நண்பர்களை டேக் செய்தால் பரிசு’ இரண்டுமே அங்கே அனுமதியில்லை. பக்கத்தை லைக் செய்தால்தான் பரிசு என்பதை ஃபேஸ்புக் 2014 நவம்பரிலேயே நிறுத்திவிட்டது.

பரிசை ஒரு நிறுவனம் கொடுக்கிறது என்றால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விளம்பரத் தர நிர்ணய அமைப்பான ஆஸ்கி இதற்கான வழிகாட்டுதலை 2021இல் கொண்டுவந்தது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2023 ஜனவரியில் இன்ஃப்ளூயன்சர்களுக்காகத் தனியே வழிகாட்டி வெளியிட்டது. இலவசமாக வந்த பொருளும் இதில் அடங்கும். தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று முடிவானால் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

வரியையும் மறக்கக் கூடாது. குலுக்கலில் விழும் பரிசு 10,000 ரூபாய்க்கு மேல் போனால், கொடுப்பவர் 30 சதவீத வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். பரிசு பொருளாக இருந்தால், அந்த வரி கட்டப்பட்டதை உறுதிசெய்த பிறகுதான் கொடுப்பவர் அதைக் கையில் கொடுக்க வேண்டும். 25,000 ரூபாய் போன் என்றால் வரி மட்டும் 7,500 ரூபாய். அதை வென்றவர் கட்டுவாரா, நாம் கட்டப்போகிறோமா என்பதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். பெரிய பரிசு போட நினைப்பவர்கள் முதலில் ஓர் ஆடிட்டரைப் பாருங்கள். சிறிய பரிசுகளில் இந்தச் சிக்கலே கிடையாது. விதைப் பொட்டலத்துக்கு நான் வாக்களிக்க இதுவும் ஒரு காரணம்.

“பணம் கட்டணுமா?”

வென்றவர்களில் ஒருவர் தஞ்சாவூர்க்காரர். முகவரி கேட்டு டீச்சரின் பக்கத்திலிருந்து செய்தி அனுப்பினோம். பதில் வரவில்லை. மறுநாள் அவர் லைவ் வீடியோவைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் எழுதினார்.

“பணம் ஏதும் கட்டணுமாங்க?”

“ஒரு பைசா வேண்டாம்ங்க அக்கா. அட்ரஸும் பின்கோடும் மட்டும் போதும்.”

“முந்தாநேத்து இதே பேர்ல, இதே படத்தோட ஒருத்தர் கூரியருக்கு 199 ரூபா அனுப்பச் சொன்னாரே?”

கிவ்அவே அறிவித்தவுடன் போலிக் கணக்குகள் முளைக்கின்றன. பெயரில் ஒரு புள்ளியோ ஓர் எழுத்தோ கூடுதலாக இருக்கும். கமெண்ட் போட்டவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய் ‘வாழ்த்துகள், நீங்கள்தான் வெற்றியாளர்’ என்று செய்தி அனுப்புவார்கள். கூரியர் கட்டணம் என்று தொடங்கி, லிங்க், ஓடிபி, யூபிஐ பின் என்று போகும். பணம் பெறுவதற்கு யூபிஐ பின் எப்போதுமே தேவையில்லை. பணம் கொடுக்கும்போதுதான் அது தேவைப்படும். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு உண்டு.

பக்கம் நடத்துபவர்களுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. ‘நாங்கள் பணம் கேட்க மாட்டோம், இந்த ஒரு கணக்கிலிருந்து மட்டும்தான் செய்தி வரும்’ என்று அறிவிப்பின் முதல் வரியிலேயே எழுதுங்கள். போலிக் கணக்கு கண்ணில் பட்டால் ஸ்டோரியில் காட்டுங்கள், எல்லோரையும் ரிப்போர்ட் பண்ணச் சொல்லுங்கள். நம் பெயரை நம்பி ஒருவர் 199 ரூபாய் இழந்தால், அவருக்கு அந்தத் திருடனைத் தெரியாது, நம்மைத்தான் தெரியும்.

கொடுத்த பிறகுதான் வேலை

பரிசு போய்ச் சேர்ந்த பிறகு வரும் இரண்டு மூன்று வாரங்கள்தான் மிக முக்கியம் என்பேன். புதிதாக வந்தவர்கள் அப்போதுதான் பக்கத்தைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். அந்த நாள்களில் உங்களுடைய மிகச் சிறந்த பதிவுகள் வர வேண்டும். வெல்லாதவர்களுக்கும் ஏதாவது கொடுங்கள். டீச்சர் தன் கையெழுத்துத் தாளைப் படமெடுத்து எல்லோருக்கும் பொதுவாகப் போட்டார். விதை கிடைக்காதவர்கள்கூட அதைச் சேமித்து வைத்துக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்து எண்ணிக்கையைப் பாருங்கள். தங்கியவர்கள் எத்தனை பேர், பதிவுகளுக்குப் பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கிவ்அவே வென்றதா என்பதற்கான கணக்கு.

மாதாமாதம் போடாதீர்கள். பரிசு வரும்போது மட்டும் எட்டிப் பார்க்கிற பழக்கத்தை நாமே உண்டாக்கிவிடுவோம். ஆண்டுக்கு ஒன்றிரண்டு, உங்கள் விஷயத்துக்குப் பொருத்தமான பருவத்தில் போதும். தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாத பக்கத்துக்குக் கிவ்அவே வேண்டவே வேண்டாம். வருகிறவர் தங்குவதற்கு முதலில் அங்கே ஏதாவது இருக்க வேண்டும்.

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நீங்கள் ஒரு கிவ்அவே அறிவிக்கப் போகிறீர்கள் என்றால் ஒரே ஒரு வேண்டுகோள். எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போடுவதற்கு முன்னால், யார் வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அவருக்கு மட்டும் பிடிக்கும் பொருளைத் தேடுங்கள். சொன்ன தேதியில் குலுக்குங்கள், சொன்ன பொருளைக் கொடுங்கள், கொடுத்ததைக் காட்டுங்கள். எண்ணிக்கை மெதுவாகத்தான் ஏறும், ஆனால் இறங்காது.